முடிவு தெரிந்த காப்டன்

'பிணத்துக்குப் புதுச் சட்டை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறான். அதற்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்களே, வெட்கமாயில்லை?' என்றார் நண்பர். அண்ணனூர் ஸ்டேஷனில் சென்ட்ரல் வண்டிக்காகக் காத்திருந்த அரை மணியில் நடந்த பேச்சு இது. நண்பர் கவிஞர். நம் வட்டத்தில் எல்லோரும் அறிந்தவர். பெயர் வேண்டாம். கூட இருந்த இளைஞர், அவரும் எழுதுகிறவர்தான், இதற்கு நேர் எதிர்க் கட்சி. பழைய 'ஸ்டார் ட்ரெக்'கை அவரால் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியவில்லையாம். அட்டைப் பாறை, ரப்பர் பல்லி, மேடை நாடகக் குரல். இப்போது வருவதுதான் மனிதன் பார்க்கத் தகுந்தது என்றார். இரண்டு பேருமே தவறு என்று எனக்குப் பட்டது. ஆனால் எந்த இடத்தில் தவறு என்று சொல்லத் தெரியவில்லை. வண்டி வந்துவிட்டது. அன்று சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஒரு டெலிவிஷன் தொடருக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். சினிமாவைப் பற்றி எழுதியபோதும் சுளித்தார்கள்.

முதலில் நண்பர் கொண்டாடும் அந்தப் பழையது. 1966-லிருந்து 1969 வரை அமெரிக்காவில் ஓடி, போதிய பார்வையாளர் இல்லையென்று நிறுத்தப்பட்ட தொடர் அது. மொத்தம் 79 அத்தியாயங்கள். நமக்கு அது எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷன் வழியாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வந்தது. அதாவது, செத்துப் பதினைந்து வருஷம் ஆன பிறகு. நண்பர் 'உயிரோடு' பார்த்ததாகச் சொல்வதே ஏற்கனவே ஒரு மறு ஒளிபரப்பு என்பதை அவர் கவனிக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் சாலிடேர் பெட்டி இருந்தது. கறுப்பு வெள்ளை. பாதி இங்கிலீஷ் புரியாது. அந்தக் கப்பலில் உத்தியோகத்துக்கு ஒரு நிறச் சட்டை உண்டென்றும், சிவப்புச் சட்டைக்காரன் அநேகமாக அந்த வாரம் செத்துப்போவான் என்றும் உலகம் பூராவும் சிரித்துக்கொண்டிருந்ததாம். எங்களுக்கு எல்லோரும் சாம்பல் சட்டைதான். யார் சாவார்கள் என்று தெரியாமலே பார்த்தோம். இந்த அறியாமை ஒரு பெரிய கொடுப்பினை என்று இப்போது தோன்றுகிறது.

அதில் என்ன இருந்தது? கதை என்று பார்த்தால் பல வாரம் ஒன்றுமில்லை. காப்டன் கிர்க் ஒரு கிரகத்தில் இறங்குவார், ஒரு பெண்ணை முத்தமிடுவார், ஒருவனைக் குத்துவார், ஒரு பிரசங்கம் செய்வார். நண்பர் இதையெல்லாம் மறந்துவிட்டார். மறக்காத ஒன்று எனக்கும் உண்டு. அந்தக் கப்பல் போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று அதில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எழுதுகிறவர்களுக்கும் தெரியாது என்று நம்பும்படி இருந்தது. அட்டைப் பாறையை மன்னிக்க வைத்தது அந்தத் தெரியாமைதான்.

மன்னிக்க முடியாததும் உண்டு. 1967-ல் வந்த ஓர் அத்தியாயத்தில் கான் நூனியன் சிங் என்று ஒருவன் வருகிறான். 1990-களில் நடந்ததாகச் சொல்லப்படும் மரபணு யுத்தங்களின் சர்வாதிகாரி, உறைநிலையில் தூங்கி எழுந்தவன், வட இந்தியச் சீக்கியனாக இருக்கலாம் என்று ஒரு பாத்திரம் ஊகிக்கிறது. நடித்தவர் மெக்ஸிகோக்காரர் ரிக்கார்டோ மோண்டல்பான். முகத்தில் பழுப்பு மை. எதிர்காலத்தில் நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேஷம் அது. பிரமாதமான நடிகர், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் 2013-ல் சினிமாவில் அதே கானை மறுபடி எழுப்பியபோது பெனடிக்ட் கம்பர்பாட்ச் என்ற வெள்ளைக்காரர் நடித்தார். இந்தத் தடவை பழுப்பு மைகூட இல்லை. மறுபிறவியில் முன்னேற்றம் உண்டு என்கிற இளைஞருக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

ஆனால் மறுபிறவி என்பதே ஏமாற்று என்ற நண்பரின் சித்தாந்தமும் நிற்காது. முதல் தடவை உயிர்ப்பித்தது 1987-ல். 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்று பெயர். கிட்டத்தட்ட நூறு வருஷம் தள்ளிப் போட்டார்கள். கிர்க் இல்லை, ஸ்பாக் இல்லை. முதல் அத்தியாயத்தில் பழைய டாக்டர் மக்காய் தொண்டு கிழவராக ஒரு நிமிஷம் வந்து கப்பலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான் சடங்கு. வழுக்கைத் தலைக் காப்டன் பிக்கார்டு சண்டை போடுவதை விட்டு உட்கார்ந்து பேசினார். பழைய ரசிகர்கள் திட்டினார்கள். தொடர் ஏழு வருஷம் ஓடியது. பழைய பெயரை வைத்துக்கொண்டு வேறு வேலை செய்தது. மறுபிறவிக்கு இதைவிட நேர்மையான வழி இல்லை.

இது நமக்குப் புதிதா? 1933-ல் கு. சீனிவாசனும் வ.ரா.வும் டி.எஸ். சொக்கலிங்கமும் தொடங்கிய 'மணிக்கொடி' அரசியலும் இலக்கியமும் கலந்த வாரப் பத்திரிகை. அது நின்றது. 1935-ல் பி.எஸ். ராமையா அதே பெயரை எடுத்துக்கொண்டு சிறுகதைப் பத்திரிகையாக நடத்தினார். நாம் இன்று மணிக்கொடி, மணிக்கொடி என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். மௌனி வந்தது இந்த இரண்டாவதில். ராமையா பழைய மணிக்கொடியின் தலையங்கங்களைப் போலத் தலையங்கம் எழுத முயன்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஒரு நினைவு மலர் கிடைத்திருக்கும்.

நெக்ஸ்ட் ஜெனரேஷனில் 1991-ல் வந்த 'டார்மாக்' என்ற ஓர் அத்தியாயத்தைப் பற்றி இந்த வட்டத்தில் பேசியே ஆக வேண்டும். கவிதை எழுதுகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டியது. பிக்கார்டு ஒரு வேற்றினத்தாரைச் சந்திக்கிறார். அவர்கள் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பு யந்திரத்துக்குப் புரிகிறது. ஆனால் அர்த்தம் புரியவில்லை. காரணம், அவர்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை. அவர்கள் புராணத்தில் இன்னார் இன்ன இடத்தில் இன்ன நிலையில் என்று சொன்னால் அதுதான் துக்கம், அதுதான் தோல்வி, அதுதான் நட்பு. கதை தெரியாதவனுக்கு மொழி தெரிந்தும் பிரயோஜனமில்லை. 'வாலி சுக்ரீவன் குகை வாசலில்' என்று நான் சொன்னால் உங்களுக்குப் புரிகிறது. டோக்கியோக்காரனுக்கு அகராதி கொடுத்தாலும் புரியாது. அந்த இனத்துக் காப்டன் பிக்கார்டை ஒரு கிரகத்தில் தன்னோடு இறக்கி, ஒரு மிருகத்தை இருவரும் சேர்ந்து எதிர்க்கும்படி செய்கிறான். சேர்ந்து ஒரு கதையை வாழ்ந்தால்தான் சேர்ந்து ஒரு சொல் கிடைக்கும் என்பது அவன் எண்ணம். அந்தச் சொல்லுக்காகச் செத்தும் போகிறான். சாகிறவனுக்கு, நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, பிக்கார்டு கில்காமேஷ் கதை சொல்கிறார். நாற்பத்தைந்து நிமிஷத்தில் மொழி, தொன்மம், நட்பு மூன்றைப் பற்றியும் இவ்வளவு சொல்ல முடிந்தது ஒரு மறுபிறவித் தொடரால். பழையதில் இப்படி ஒன்று இல்லை. நண்பர் காட்டட்டும்.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், 2001-ல். அந்த வருஷம் வந்த 'எண்டர்ப்ரைஸ்' கிர்க்குக்கு நூறு வருஷம் முன்னால் நடந்தது. 2009-ல் சினிமா, கிர்க் மறுபடி இளைஞர். 2017-ல் 'டிஸ்கவரி', கிர்க்குக்குப் பத்து வருஷம் முன்னால். 2022-ல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்'. அதுவும் கிர்க் காப்டனாவதற்கு முன்னால். விசித்திரமான புது உலகங்கள் என்று பெயர், 1966-ன் தொடக்க வாசகத்திலிருந்து கிள்ளியெடுத்த பெயர், போகிற இடமெல்லாம் பழைய உலகம். எதிர்காலத்தைப் பற்றிய கதை தன்னுடைய இறந்த காலத்தை எதிர்காலமாக வரித்துக்கொண்டுவிட்டது. இது சோம்பலால் மட்டும் வந்ததல்ல. வியாபாரம். தெரிந்த முகத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் விற்றாகிவிட்டது. ஸன் டி.வி. 1999-ல் போட்ட 'சித்தி'யை 2020-ல் 'சித்தி 2' என்று எடுத்த கணக்கேதான் இதுவும். அவர்களாவது விண்வெளி என்று சொல்லவில்லை.

டிஸ்கவரியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. எல்லோரும் எல்லோரிடமும் தங்கள் உணர்ச்சிகளை விளக்குகிறார்கள், பிறகு அழுகிறார்கள். கப்பல் வெடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது அழுகிறார்கள். அவர்களுக்கே முன்காலம் அலுத்துப்போய், 2020-ல் மூன்றாம் பருவத்தில் கப்பலை 930 வருஷம் முன்னால் தள்ளினார்கள். நல்ல காரியம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே போனால் அண்டம் முழுக்கக் கப்பல்கள் வெடித்துச் சிதறி நாகரிகமே ஒடிந்து கிடக்கிறது. ஏன் என்று ஒரு பருவம் முழுக்கத் தேடி, கடைசியில் கண்டுபிடித்த காரணம், தாயை இழந்த ஒரு குழந்தையின் கதறல். ராத்திரி எட்டு மணி ஸீரியல் பார்க்கும் நம் வீட்டுப் பெண்கள் இதை முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

'பிக்கார்டு' என்று ஒரு தொடர். 2023-ல் முடிந்த அதன் கடைசிப் பருவத்தில் பழைய கூட்டத்தையெல்லாம் சேர்த்து, 1987-ன் கப்பல் தளத்தை அங்குலம் தவறாமல் திரும்பக் கட்டி, தரையில் அதே கம்பளம் விரித்து, கிழவர்களை அவரவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கம்பளத்தைப் பற்றி வசனமே இருக்கிறது. எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை. நண்பர் கண்ணைத் துடைத்துக்கொள்வதாகச் சொன்னது இதைத்தான். துடைத்த கை காய்வதற்குள் கோபம் வந்தது. டார்மாக் அத்தியாயத்து இனத்தைப் போல இவர்களும் இப்போது மேற்கோள்களால் மட்டுமே பேசுகிறார்கள். ஆனால் அவனிடம் நெருப்பு இருந்தது, பக்கத்தில் ஓர் அந்நியன் இருந்தான், அவனுக்குச் சொல்லவேண்டிய அவசரம் இருந்தது. இவர்களிடம் இருப்பது ஏற்கனவே கதை தெரிந்தவர்களின் சங்கம். ஒருவர் கம்பளம் என்கிறார், மற்றவர் ஆமாம் கம்பளம் என்று விம்முகிறார்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. காஃப்கா என்று ஒருவர் சொன்னால் மற்றவர் தலையாட்டுகிறோமே, கோடோ என்றால் கண்ணை மூடுகிறோமே, நம் கவிதைகளில் எத்தனை வரிகள் இந்தக் கம்பளத்தின் மேல் நிற்கின்றன? நண்பருடைய கடைசித் தொகுப்பில் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே போடப்போவதில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸை ஏன் விடாமல் பார்க்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பழைய விபத்தைச் சொல்லியாக வேண்டும். கிர்க்குக்கும் முன்னால், 1964-65-ல், இந்தத் தொடருக்காக ஒரு மாதிரி அத்தியாயம் எடுத்தார்கள். அதில் காப்டன் பெயர் பைக். அவருக்கு அடுத்த அதிகாரி ஒரு பெண். டெலிவிஷன்காரர்கள் மூளைக்கு வேலை அதிகமென்று சொல்லி நிராகரித்தார்கள். பைக்கும் போனார், அந்தப் பெண் அதிகாரியும் போனாள், ஸ்பாக் மட்டும் தப்பினார். பிறகு 1966-ல், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தியாயங்கள் போதாமல் நெருக்கடி. தூக்கி எறிந்த அந்தப் படச்சுருளை உள்ளே செருகி இரண்டு அத்தியாயங்கள் செய்தார்கள். செருகுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. பைக் ஒரு விபத்தில் பயிற்சி மாணவர்களைக் காப்பாற்றப் போய், கதிர்வீச்சில் வெந்து, முகம் சிதைந்து, பேச்சற்று, யந்திர நாற்காலியில் கிடக்கிறார். ஆமாம் என்றால் விளக்கு ஒரு தடவை மின்னும், இல்லை என்றால் இரண்டு தடவை. பட்ஜெட் கணக்கில் பிறந்த நாற்காலி அது.

ஐம்பத்தாறு வருஷம் கழித்து அந்தப் பைக்கைக் கதாநாயகனாக்கியிருக்கிறார்கள். ஆன்ஸன் மவுண்ட் என்ற நடிகர். நிராகரிக்கப்பட்ட அந்தப் பெண் அதிகாரியும் திரும்பி வந்திருக்கிறாள். கதையில் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், பைக்குக்குத் தன் நாற்காலி முன்கூட்டியே தெரியும். டிஸ்கவரியின் இரண்டாம் பருவத்தில், 2019-ல், அவர் அதை ஒரு தரிசனத்தில் பார்த்துவிடுகிறார். பிறகு அதை வைத்துக்கொண்டு வாழ்கிறார். தன் அறையில் சகாக்களுக்குச் சமைத்துப் போடுகிறார். தான் காப்பாற்றப்போகும் பிள்ளைகளின் பெயர்களைத் தனியாக உட்கார்ந்து உச்சரிக்கிறார். இப்போது அவர்கள் சின்னக் குழந்தைகள். எங்கோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். முதல் பருவத்தின் கடைசியில் விதியை மாற்றப் பார்க்கிறார். கிழவனான தன்னையே சந்திக்கிறார். அவர் தப்பினால் ஒரு மகாயுத்தம் வரும் என்று காட்டப்படுகிறது. நாற்காலியை ஏற்றுக்கொள்கிறார். முன்கதை என்கிற வடிவத்தின் கோளாறே இங்கே கதையின் பொருளாகிவிட்டது. எல்லாம் முன்பே படம் பிடிக்கப்பட்டுவிட்ட ஒருவன் மிச்ச நாட்களை எப்படிச் செலவழிப்பான்?

நண்பர் முடிவு தெரிந்த கதையில் என்ன உயிர் என்பார். அவர் பிறந்தது பூந்தமல்லிக்குப் பக்கம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிற சீமை. கர்ண மோட்சம் பார்க்க உட்கார்ந்த எவனுக்குக் கர்ணன் சாவது தெரியாது? தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். யுத்தத்துக்குக் கிளம்புமுன் பொன்னுருவியிடம் விடைபெறப் போகிறானே, அவள் அவன் பிறப்பைச் சொல்லிப் பேசுகிறாளே, அந்தப் பேச்சுக்காக உட்கார்ந்திருக்கிறான். முடிவு கதையில் இருக்கிறது. கூத்து அந்த ராத்திரியில் இருக்கிறது. ந. முத்துசாமி தெருக்கூத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, அதை மேற்கோள் காட்டிக் கட்டுரையும் எழுதிவிட்டு, முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்று ஒரு கவிஞர் சொல்லலாமா?

இளைஞரின் சகாக்கள் வேறொரு புகார் வைத்திருக்கிறார்கள். பைக்கின் கப்பல் கிர்க்கின் கப்பலைவிடப் பத்து வருஷம் பழையது, ஆனால் பார்வைக்குப் புதியதாக இருக்கிறதாம். 1966-ல் பெப்பர்மிட்டுப் போலப் பொத்தான்கள் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடித் திரைகள். இது குழந்தைத்தனம். கூத்தில் கட்டியக்காரன் பேண்ட் மாட்டிக்கொண்டு வந்து, துரியோதனன் சபையில் அரிசி விலையைப் பற்றிப் பேசுகிறான். யாராவது எழுந்து துவாபர யுகத்தில் பேண்ட் ஏது என்று கேட்டார்களா? எங்கள் அண்ணனூர்ப் பணிமனையில் ராத்திரி நிறுத்திக் கழுவிப் பழுது பார்த்து அனுப்புகிறார்கள், காலையில் அதே மின்சார ரயில்தான் ஓடுகிறது. எந்தச் சக்கரம் எப்போது மாற்றியது என்று யாரும் கேட்பதில்லை, ஆவடியில் கொண்டுபோய் விட்டால் சரி.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். கூத்து நடத்திக்கொண்டே இருந்தவர்களுக்கு நடுநடுவே மியூஸியம் கட்டும் ஆசை வந்துவிடுகிறது. இளம் உஹூரா வந்தாள், சரி. நர்ஸ் சேப்பல் வந்தாள், சரி. பிறகு கிர்க் வந்தார், அவர் அண்ணன் வந்தார், ஸ்காட்டி வந்தார். ஒருவர் வரும்போதெல்லாம் காமரா ஒரு நொடி கூடுதலாக நிற்கிறது, நாம் கைதட்டுவதற்காக. 2023-ல் ஒரு கார்ட்டூன் தொடரிலிருந்து இரண்டு பேர் காலம் தாண்டி உள்ளே வந்து, பைக்கையும் ஸ்பாக்கையும் பார்த்துப் பரவசப்படுகிறார்கள். வேடிக்கையான அத்தியாயம்தான், நானும் சிரித்தேன். ஆனால் பார்வையாளனே கப்பலில் ஏறிவந்து தன்னைத் தானே ரசிக்கிற இடத்துக்கு வந்தாயிற்று. இனி வெளியே யார் இருக்கிறார்கள், கதை சொல்வதற்கு?

அதே வருஷம் இன்னொன்றும் செய்தார்கள். 1967-ல் சொன்ன அந்த 1990-களின் யுத்தம் வரவில்லையல்லவா? இதற்கு ஒரு பரிகாரம். யாரோ காலத்தில் புகுந்து குளறுபடி செய்ததால் எல்லாம் தள்ளிப்போய்விட்டதாம். கான் இந்த நூற்றாண்டில் டொராண்டோவில் சின்னப் பையனாக இருக்கிறானாம். பொய்த்த ஜோசியத்துக்குச் சாந்தி கழிக்கிற புரோகிதர் வேலை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 2021-22-ல் நடக்கிற கதை. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான், எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், ஜீனோ என்ற யந்திர நாய் புத்தகம் படிக்கிறது. 2022 வந்தது, போயிற்று. யாரும் அந்த நாவலில் வருஷத்தைத் திருத்தவில்லை. சுஜாதாவைப் பற்றி இந்தப் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. அதில் பாதிக்கு இன்றும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அந்த நாய் அந்த வருஷத்திலேயே நிற்கட்டும். தப்பாகிப்போன எதிர்காலத்துக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. எதற்குப் பயந்தோம் என்று அது சொல்கிறது. அமெரிக்காக்காரன் 1967-ல் ஒரு சீக்கியப் பெயருக்குப் பயந்தான் என்பதும் அப்படியே நிற்கவேண்டிய செய்தி. அதைத் தேதி மாற்றி மூடக்கூடாது.

2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள்: ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் ஐந்தாம் பருவத்தோடு, அதுவும் ஆறே அத்தியாயங்களோடு, முடிகிறது. நண்பரிடம் ஒரு பந்தயம் வைக்கிறேன். பைக்கை அந்த நாற்காலிவரை கொண்டுபோகிற தைரியம் அவர்களுக்கு இருக்குமா, அல்லது கடைசி நிமிஷத்தில் ஒரு காலக் குளறுபடியைக் கொண்டுவந்து அவரைத் தப்பவிட்டு, கிர்க்கை நாற்காலியில் உட்கார வைத்துக் கைதட்டு வாங்குவார்களா? இரண்டாவதைச் செய்தால் பிணம், சட்டை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு இதே பக்கங்களில் எழுதித் தருகிறேன். அதுவரை, நண்பர் மன்னிக்க வேண்டும், கடைசி லோக்கலில் வில்லிவாக்கம் தாண்டி உட்கார இடம் கிடைத்ததும் கைபேசியில் நான் பார்த்துக்கொண்டிருப்பது பைக் வெங்காயம் நறுக்குவதைத்தான்.